மேரி டாக்டர்

இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்கள் முதலில் கற்றுக்கொள்வது உட்காருவதைத்தான். வீல்சேரின் பிடிகளில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பைச் சற்றே தூக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்க வேண்டும். நாள் முழுக்க, விடாமல். விட்டால் உட்காரும் இடத்தில் புண் வரும். வலிக்காது என்பதால் வந்ததே தெரியாது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) மறுவாழ்வு மையத்தில், தென்னையிலிருந்து விழுந்த என் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஊரில் எங்கள் சபையார் அவனுக்காக உபவாச ஜெபம் இருந்தார்கள். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். ஆனால் போனில் பேசிய எல்லாருமே, அவன் எழுந்து நடந்து வந்து சாட்சி சொல்லுவான் என்றார்கள். ஒருநாள் இரவு தம்பி கேட்டான்: "நான் நடக்கலைன்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னு அர்த்தமாக்கா?"

இந்தப் பயிற்சியையெல்லாம் இங்கே யார் ஆரம்பித்தது என்று பிசியோதெரபி அம்மாவிடம் கேட்டேன். "மேரி டாக்டர். அவங்களும் வீல்சேர்லதான் இருந்தாங்க" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். டோரதி கிளார்க் வில்சன் 1963இல் அவரைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்று கிடைத்தது.

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிப் பக்கம் செறாயியில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்தார். 1954இல் சாலை விபத்து. முகத்தில் காயம், இரண்டு கால்களும் செயலிழந்தன. இளம் மருத்துவர், வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரை அறுவைசிகிச்சைக்குத் திருப்பியவர், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்துவந்த மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோய் நரம்பைக் கெடுத்து விரல்களை மடக்கிவிடும். நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து விரலோடு பொருத்தித் தைத்தால் கை மறுபடி வேலை செய்யும். இந்த அறுவையை உட்கார்ந்தே செய்யலாம்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தொழுநோயாளியின் கையிலும் உணர்வு இருக்காது, சூடுபட்டாலும் தெரியாது. தினமும் கண்ணால் பார்த்துத்தான் காயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மேரியும் தன் கால்களை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுவை மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குறை. பாகாயத்தின் வேர் அந்த மேஜையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி, அடுத்து நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கிடம் படிப்பு. வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பழகும் மையம் வந்தது, நாட்டுக்கே முன்னோடி.

அவர் கால்கள் குணமாகவில்லை, 1986இல் இறக்கும்வரை. அவருக்காகவும் எத்தனையோ பேர் முழங்காலில் நின்று மன்றாடியிருப்பார்கள். அந்த ஜெபங்கள் கேட்கப்படாமல் போயின என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விபத்தையே தனக்கு வந்த அழைப்பாக மேரி எடுத்துக்கொண்டார். ஆண்டவர் கால்களைத் தராமல், செய்வதற்கு வேலையைத் தந்தார் என்று நம்பினார். அந்த வேலையைத்தான் பாகாயத்தில் இன்றும் செய்கிறார்கள்.