நெய்க்காரப்பட்டியில் நாலு நாள்

பழநிக்குப் போகிற நாம் முருகனைத் தரிசித்து, பஞ்சாமிர்த டப்பாவோடு ஊர் திரும்பிவிடுகிறோம். மேற்கே, பக்கத்திலேயே இருக்கும் நெய்க்காரப்பட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். "வெல்லம் காய்ச்சுவதைப் படம் எடுக்கிறோம். எங்களுக்குச் சமைச்சுப் போட வாங்க அத்தை" என்று அண்ணன் மகன் கூப்பிட்டதால் போனேன். முதலாளி யாருமில்லை. அவனும் இரண்டு சிநேகிதர்களும் கைக்காசு போட்டு எடுக்கிற படம்.

கரும்புத் தோட்டம், நடுவில் ஆலைக் கொட்டகை, தூரத்தில் பழநி மலைத்தொடர். மெஷினில் கரும்பை ஆட்டி, சாற்றைக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். காய்ந்த சக்கைதான் அடுப்புக்கு விறகு. நுரையோடு பொங்கும் அழுக்கை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்க்கிறார்கள், நாம் அதிரசத்துக்குப் பார்ப்பது போலவே! நூறு கிலோ கரும்புக்குச் சுமார் பத்துக் கிலோ வெல்லம்தான் தேறுமாம்.

நாலாம் நாள் சாயங்காலம் பூசணிக்காய் உடைத்துப் படப்பிடிப்பை முடித்தார்கள். "அப்பாடா, வேலை முடிஞ்சது" என்றேன்.

"இனிமேதான் அத்தை வேலையே! பதினெட்டு மணி நேரத்தை அரை மணியாக்கணும்" என்றான்.

கோட்டையூர் ஏ.கே.செட்டியார் காந்திஜி படத்துக்காக உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்தாராம். 1940-ல் வெளியான படம் 12,000 அடிதான். இதுவும் வெல்லக் கணக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி நோட்டை விரித்து உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்வது, பிறகு தோட்டம், ஆலை, கொப்பரை, மண்டி என்று வரிசைப்படுத்துவது. வேண்டாதவற்றை அடித்துக்கொண்டே வந்தவன், அடுப்புக்குச் சக்கை தள்ளும் அம்மாளையும் அடித்துவிட்டான். மெஷின் சத்தத்தில் அவர் பேச்சு காதில் விழவில்லையாம்.

எனக்குச் சொரேர் என்றது. புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசுனது படத்துல வருமுங்களா?" என்று மத்தியானம்தான் என்னிடம் கேட்டிருந்தார்.

"அவர் இல்லாமல் கொப்பரை கொதிக்குமாடா?" என்றேன். அவன் பதில் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை, மெஷின் ஓடுமுன் அவரை உட்கார வைத்துப் பேச்சை மட்டும் பதிவு செய்தான். அடுப்புக் காட்சியோடு அதைச் சேர்த்துவிடலாமாம். பத்து நிமிஷம் கணீரென்று பேசினார்.

ஊருக்கு வந்து பாயசத்துக்கு வெல்லம் தட்டும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது.