டிவியில் வராத நம்ம புரோகிராம்

நம்ம எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு தம்பி, "டீச்சர், 94-ல நம்ம ஸ்கூல் பிள்ளைங்க டிவியில வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தான். ஞாபகம் இருக்கிறது. ஆனால் டிவியில் வரவில்லை, கண்ணு.

அது பைலட். ஒரு எபிசோடை மட்டும் மாதிரிக்கு எடுத்து சேனலுக்கும் விளம்பரம் தருகிறவர்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள். பிடித்தால் 13 வாரம் ஓடும். சன் டிவி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, புது புரோகிராம் எடுக்க எல்லோரும் அலைந்த நேரம். ஆங்கிலத்தில் சித்தார்த்த பாசு நடத்திய குவிஸ் டைம் மாதிரி தமிழில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றார்கள். ஒரு சென்னைப் பள்ளி, ஒரு கிராமத்துப் பள்ளி. கிராமம் என்று நாம் மாட்டினோம். ஏ.இ.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க நான் நடந்த நடை தனிக் கதை.

திண்டிவனத்தில் திருவள்ளுவர் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்கி, அங்கிருந்து வடபழனி. மூன்று பிள்ளைகள், நான், ஒரு தூக்குவாளி புளிசாதம். போனவுடனே பிரச்சினை. வெள்ளைச் சட்டை கேமராவில் கண்ணைக் கூசுமாம். காஸ்ட்யூம்காரர் சட்டைகளைக் கழற்றச் சொல்லி டீ டிகாஷனில் முக்கி எடுத்து, அயர்ன் பாக்ஸ் போட்டே காய வைத்தார். டீ வாசனையோடுதான் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று டேக் போகும்போதெல்லாம் ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். விளக்குச் சூட்டில் பவுடர் வழியும்.

தொகுப்பாளர் யார் என்று கேட்பீர்கள். நீங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்த முகம். அவரைக் கேட்காமல் பெயர் போட எனக்கு மனசில்லை.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பது ஒரு கேள்வி. சென்னைப் பையன் பஸ்ஸரை அழுத்தி "தானே" என்றான். சரியான விடை. அதற்குள் விளக்கு ஒன்று அணைந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும், அதே கேள்வி, அதே பதில். விளக்கு எரிந்தது, கேள்வி வந்தது. நம்ம பெண் டக்கென்று அழுத்தி "தானே" என்றாள்!

டைரக்டருக்குக் கோபம். "நீ பேசாம இருக்கணும்மா. உனக்குத் தெரியாதுல்ல?"

"அப்பத் தெரியாது சார். இப்பத் தெரியும்."

ஃப்ளோரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி ஏன் உட்கார வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் அப்படி உட்காராதே என்று தினமும் சொன்னவள் நான்தானே? "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார் டைரக்டர். நான் வாயைத் திறக்கவில்லை.

தொகுப்பாளர்தான் கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினார். "பாப்பா சொல்றது சரி. இந்தக் கேள்வியை எடுத்துடுங்க, வேற போடலாம்" என்றார். டேப் வீணாகிறது, வாடகை ஏறுகிறது என்று தயாரிப்பாளர் முனகினார். அவர் அசையவில்லை. வேறு கேள்வி வந்தது. அதற்கும் அந்தப் பையன்தான் பதில் சொன்னான். கடைசியில் தோற்றுத்தான் போனோம். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

விளம்பரதாரர் கிடைக்காமல் அது அப்படியே நின்றுபோனது. அவள் அப்பாதான் ஆறு மாதம் வரை என்னைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "இந்த ஞாயித்துக்கிழமையா டீச்சர்?" என்பார். பைலட் என்றால் என்ன என்று மூன்று தடவை விளக்கினேன். கடைசியாக, "சரிங்க டீச்சர், எடுத்தது எடுத்ததுதானே? எம் பொண்ணு எங்கேயாவது ஒரு பெட்டியில பத்திரமா இருக்கும்" என்றார்.

அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். வேண்டாததை அழித்து அதிலேயே வேறு எடுப்பார்கள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.