இடமா, வலமா, குருபரப்பள்ளியா?

உலகத்தில் இடதுபக்கம் வண்டி ஓட்டும் நாடுகள் உண்டு. வலதுபக்கம் ஓட்டும் நாடுகள் உண்டு. இரண்டு பக்கமும் ஓட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டுமா? விசா வேண்டாம். ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளியில் இறங்குங்கள்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ம் நம்பர் நெடுஞ்சாலைதான். நடுவில் தடுப்பு. ஷிப்ட் முடிந்து எதிர்த்திசையில் போக வேண்டியவர், முன்னால் போய் யூ டர்ன் அடித்துத்தான் வரவேண்டும். நம்மாள் வருவாரா? வந்த பாதையிலேயே வண்டியைத் திருப்பி, லாரிகளுக்கு எதிரே ஜம்மென்று கிளம்பிவிடுவார்.

ஒரு ராத்திரி அப்படி ஒரு பைக்கில் பின்சீட்டில் நான்.

"தம்பி, இது ராங் சைடு இல்ல?"

"ஓரமாத்தானே ஸார் போறேன். அமெரிக்காவுல இதான் ரைட் சைடு!"

நான் சிரித்து முடிப்பதற்குள் எதிரே இரண்டு சூரியன்கள். கர்நாடகா லாரி. தம்பி ஹேண்டிலை ஒடிக்க, இருவரும் மண்ணில் உருண்டோம். டிரைவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அர்த்தம் கேட்கத் தேவையிருக்கவில்லை.

முழங்கால் சிராய்ப்போடு டீக்கடையில் உட்கார்ந்து தம்பிக்கு அமெரிக்கக் கதை சொன்னேன்.

அந்தக் காலத்தில் அங்கே பெரிய சரக்கு வண்டிகளைப் பல ஜோடிக் குதிரைகள் இழுத்தன. வண்டிக்காரர் இடப்பக்கக் கடைசிக் குதிரைமேல் உட்கார்ந்தால்தான் வலக்கைச் சாட்டை எல்லாக் குதிரைக்கும் எட்டும். எதிர்வண்டி தன் இடப்பக்கம் போனால், சக்கரம் உரசாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே வலதுபக்கம் ஒதுங்கினார்கள் என்கிறார்கள். பென்சில்வேனியா 1792-ல் இதற்குச் சட்டமே போட்டது. பிரிட்டன் 1835-ல் இடதுபக்கத்தைச் சட்டமாக்கியது. வெள்ளைக்காரன் போனபின்னும் அந்தப் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது.

"அப்போ எந்தப் பக்கம் ஸார் நல்லது?"

"எல்லாரும் போற பக்கம்!"

ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3-ம் தேதி, விடியற்காலை 5 மணிக்கு, இடதிலிருந்து வலதுக்கு மாறியது. 2009-ல் சமோவா வலதிலிருந்து இடதுக்கு வந்தது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து கார் மலிவாகக் கிடைக்குமே! எந்தப் பக்கம் மாறினாலும் நாடே சேர்ந்து மாறியது. தம்பி மட்டும் தனியாக அமெரிக்கா ஆனால்?

டீ கிளாஸ்களை நகர்த்திக் கணக்குப் போட்டேன். லாரி 60 கிலோமீட்டர் வேகம், பைக் 40. ஒரே திசையில் போனால் லாரி உங்களை நெருங்குவது மணிக்கு 20 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். எதிரே போனால் 100-ல், அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். யோசிக்க டயம் எங்கே? 2019-ல் திருத்திய சட்டப்படி இது அபாயகரமான ஓட்டுதல், ஜெயிலுக்கும் வழியுண்டு. அதற்கும் உயிரோடு இருந்தாக வேண்டும்.

தம்பி பேசாமல் வண்டியை நேராக நிறுத்தி ஸ்டார்ட் செய்தார்.

"யூ டர்ன் ரொம்ப தூரம் ஸார். பரவால்லியா?"

"கன்னியாகுமரியில இருந்தாலும் பரவால்ல. போ!"