ஓரத்தில் நிற்பவர்கள்

பிலிம் சுருளுக்கு, கேரளத்துத் தேயிலை மலையான பீர்மேட்டைப் போலக் கெட்ட ஊர் இல்லை. ஆனி, ஆடி மழையின் ஈரம் டப்பாவுக்குள் ஏறினால் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை படரும். அசிடேட் சுருள் உள்ளுக்குள்ளேயே புளித்து, மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அப்படி வாடை வந்த சுருளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

கோடாக் 1923இல் 16 மி.மீ. பிலிமையும் 1932இல் 8 மி.மீ. பிலிமையும் கொண்டுவந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் அதை வாங்க வசதி இருந்தது துரைமாருக்குத்தான். பிள்ளைகள், நாய், பங்களாத் தோட்டம் என்று தங்கள் வீட்டுக்காக எடுத்தார்கள். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் இத்தகைய படங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் சேர்த்து வைத்திருக்கிறது. லயத்து மக்கள், அதாவது வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்கள், இந்த மாதிரிப் படங்களில் ஓரத்தில்தான் வருவார்கள்: குழந்தையைத் தூக்கிய ஆயா, பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்கும் கூட்டம். எனக்குத் தெரிந்த லயத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆகவே அந்த ஓரம் எனக்கு முக்கியம்.

இந்தச் சுருள்களை வீட்டிலேயே வீடியோவாக மாற்றப் புரொஜெக்டரும் கேமராவும் போதும். பளபளப்பில்லாத வெள்ளைக் காகிதத்தில் படத்தைச் சிறிதாக விழவைத்து, புரொஜெக்டரை ஒட்டியே கேமராவை நிறுத்த வேண்டும். எக்ஸ்போஷரைக் கையால் பூட்டாவிட்டால், பனி மூடிய காட்சி வரும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்.

கவனம் வேண்டியது வேகத்தில். பழைய 8 மி.மீ. படம் விநாடிக்கு 16 பிரேம். நம் நாட்டு வீடியோவுக்கு 25. மூன்று இதழ் ஷட்டர் உள்ள புரொஜெக்டரை 16⅔ பிரேமில் ஓட்டினால் விநாடிக்கு 50 முறை ஒளி விழும். வீடியோவின் 50 அரைப்படங்களோடு அது ஒத்துப்போவதால் மினுக்கல் அடங்கும். பிரேமுக்குப் பிரேம் 25இல் ஓட்டி முடிப்பவர்களும் உண்டு. அதில் கொழுந்து பறிக்கும் கைகள் வெட்டுக்கிளிபோலத் துள்ளுகின்றன. கூடை நிறைந்த பெண் ஈரச் சரிவில் எவ்வளவு நிதானமாக அடுத்த அடிக்கு இடம் தேடினாள் என்பது தொலைந்துவிடுகிறது. அவள் பட்ட பாட்டுக்கு நம்மிடம் உள்ள சாட்சி அந்த நிதானம்தான்.

இன்றைய அகலத் திரையை நிரப்ப ஆசைப்பட்டு வெட்டுவதும் கூடாது. மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். சரிவின் மேலே நிற்கும் ஆட்களும், முன்னால் தரையில் உட்கார்ந்த பிள்ளைகளும் அதோடு போவார்கள்.

வீடியோ ஆனபின்பும் சுருளை எறியாதீர்கள். முன்பு விஎச்எஸ் வீடியோ நாடாவில் பதிந்து வைத்திருந்தாலும், அதைவிடச் சுருளில் விவரம் அதிகம். பிறகு பாம்பனாரிலும் வண்டிப்பெரியாரிலும் இருக்கும் வயதான அம்மாக்களை அழைத்துவந்து, நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்ட வேண்டும். இன்னார் மகள், இன்ன லயம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.