மேகக் காட்டில் ஒரு கடற்பாசி

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களில் பலர் உலக முடிவை எட்டிப் பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பேராதனையில் தாவரவியல் படிக்கும் நானாவின் மகள் கூட வந்திராவிட்டால் நாங்களும் அப்படித்தான் திரும்பியிருப்போம்.

நுவரெலியாவில் சுப்ஹுத் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். பெப்ரவரி மாதம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். புல்லின் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

வெயில் ஏறியபின், காட்டுக்குள் ஒரு கீன மரத்தடியில் சின்ன மகன் நின்றுவிட்டான். கிளையில் கரிந்த கடதாசி போல ஏதோ சுருண்டு ஒட்டியிருந்தது.

“உம்மா, மரம் எரிஞ்சு போயிருக்கு!”

“எரியல்ல. மாமி, அந்தத் தண்ணிப் போத்தலத் தாங்க” என்ற மருமகள், அதன்மேல் சில துளிகளைத் தெளித்தாள். சுப்ஹானல்லாஹ்! சற்று நேரத்தில் அது உப்பி, வழவழப்பாகி, நீலச் சாம்பல் நிறத்தில் ஒளி ஊடுருவ விரிந்தது. நோன்பு காலத்தில் நாம் ஊறப் போடும் கடற்பாசிதான் நினைவுக்கு வந்தது.

இது ஜெலி இலைக்கன். ஒரு பங்கசும் நொஸ்டொக் என்ற சயனோபற்றீரியாவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பங்கசு இருப்பிடம் கொடுக்கிறது; நொஸ்டொக் வெளிச்சத்தில் உணவு ஆக்குகிறது, காற்றிலுள்ள நைதரசனையும் பிடித்துத் தருகிறது. சாதாரண இலைக்கனைக் கிழித்தால் உள்ளே வெள்ளைப் படை தெரியும். இதில் படைகள் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். நீலச் சாயலையும் மேலே நுண்ணிய விரல்கள் போன்ற முளைகளையும் வைத்து, ‘லெப்டோஜியம்’ இனம் என்றாள். மிக நெருங்கிய ‘கொலெமா’வுக்கு மேல்தோல் இல்லை, இதற்கு ஒரே கலத் தடிப்பில் மெல்லிய தோல் உண்டு. அதை உறுதி செய்ய நுணுக்குக்காட்டி வேண்டும்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் நகத்தால் சுரண்டிவிட்டான். பெருவிரல் நகமளவு துண்டொன்று கையோடு வந்தது. மருமகளின் முகம் வாடிப்போயிற்று. “இவ்வளவு வளர எத்தன வருஷம் போயிருக்கும் தெரியுமா?” என்றவள், பட்டையின் ஈரமான வெடிப்பில் அதைச் செருகி வைத்தாள். துண்டிலிருந்தும் இது வளரக் கூடியதாம்.

இது 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி. ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாது. காரணம் சட்டம் மட்டுமல்ல. இங்குள்ள மரங்களும் பாசிகளும் இலைக்கன்களும் மூடுபனியைப் பிடித்து நீராக்கி மண்ணில் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து கிளைகள் போகின்றன. இதே சமவெளியில் சில இடங்களில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவதையும் கண்டோம்.

கொழும்புக்குத் திரும்பிய அன்று மஃரிபுக்கு வுழூச் செய்யக் குழாயைத் திறந்த மகன் கேட்டான்: “உம்மா, இது அங்கயிருந்து வந்த தண்ணியா?”

களனி நீரைத்தானே குடிக்கிறோம். “ஓம் மகன், அதுவும் இதுல இருக்கும்” என்றேன்.

குழாயை அரைவாசி மூடிவிட்டுத்தான் அவன் கை கழுவத் தொடங்கினான்.