வயிற்றுவலி லீவு லெட்டர்

போன இதழில் நிறைய பேர் சுற்றுலா பற்றி எழுதியிருந்தீர்கள். நான் எங்கம்மா தேர்தலில் நின்ற கதையை எழுதுகிறேன். சட்டமன்றத் தேர்தல் இல்லை. நம்ம பள்ளிக்கூடத் தேர்தல்!

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைப்பது அது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் புதிதாக அமைத்தபோது மொத்தம் 24 பேர். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கம்மா அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறார்கள். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டார்கள். வருகிறவர்களைப் பேச வைத்து, பொறுமையாகக் கேட்பார்கள். ஆனால் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் "மென்டல் டாக்டர் பொண்ணு". அதனால் அம்மா தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறேன் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ நிக்காதம்மா. எல்லாரும் இன்னும் கிண்டல் பண்ணுவாங்க" என்றேன்.

அம்மா திட்டவில்லை. "போன மாசம் மூணு நாள் வயித்து வலின்னு லீவு லெட்டர் எழுதினியே, நெஜமாவே வயித்து வலியாடி?" என்று கேட்டார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிண்டலுக்குப் பயந்துதான் அந்த மூன்று நாளும் வரவில்லை.

தேர்தல் அன்று இரண்டு பேர் போட்டி. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து, "நம்ம பிள்ளைங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? இந்தம்மா எதுக்கு?" என்று கேட்டார். சில பேர் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். கை கால் நடுங்கியது.

அம்மா கோபப்படாமல் சொன்னார்கள்: "ஐயா, காய்ச்சல் வந்தா பிள்ளைங்க காய்ச்சல்னு எழுதுது. மனசு சரியில்லன்னாலும் வயித்து வலின்னுதான் எழுதுது. உண்மையை எழுதினா நாம சிரிப்போம்னு அதுங்களுக்குத் தெரியும்." என் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது.

சீட்டு எழுதிப் போட்டார்கள். எண்ணியபோது அம்மாவுக்கு 31, தையல் வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு 46. அம்மா தோற்றுவிட்டார்கள். ஆனால் ஜெயித்த அக்காவே, "நீங்க உறுப்பினரா கண்டிப்பா இருக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் கூட்டத்தில் அம்மா கேட்டது என்ன தெரியுமா? பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்! எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "இதுக்கும் மனசுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன். "கதவைப் புடிச்சிக்க ஆள் தேடணுமேன்னு காலையில இருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்கிற பொண்ணுக்குப் பாடம் எப்படி மண்டையில ஏறும்?" என்றார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தானே! பத்து நாளில் தாழ்ப்பாள் வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம், எனக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "உங்கம்மாகிட்ட கொஞ்சம் பேசணும். யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். இன்றுவரை சொல்லவில்லை. அதுதான் அவர்கள் வேலை என்று இப்போது புரிகிறது. அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். இப்போது நாங்கள் ஒரே பெஞ்ச்.

நண்பர்களே, வீட்டில் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம். 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் என் பாட்டி இறந்த பிறகு ஒருநாள் பள்ளிக்கு வர முடியவில்லை. லீவு லெட்டரில் "மனம் சரியில்லாத காரணத்தால்" என்று எழுதினேன். வகுப்பாசிரியை படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு எங்கம்மா ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.



– ஒரு மாணவி, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு