சந்தா கட்டி என்ன கிடைக்கும்?

சங்கத்தில் சேரச் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். பல்லேகமவில் தையல் வேலை செய்யும் பெண்களும் இதையே கேட்டார்கள். பழைய பல்லேகம களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட, புதிய நகரில் அவரவர் தனித்தனியே வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதம் நூறு ரூபாய் சந்தாவில் சங்கம் அமைப்போம் என்றேன். "மிஸ், நூறு ரூபாய் பிள்ளையின்ர கொப்பிக் காசு" என்றார் ஓர் அக்கா. 1983 வன்செயலில் மாத்தளையை விட்டு வன்னிக்குப் போய், யுத்தத்தில் கணவரை இழந்து திரும்பியவர்.

காசு மட்டுமல்ல காரணம். யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கம்பனிகள் பெண்களைக் குழுவாக இருத்திக் கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை 2018 இல் அரசாங்கம் இரத்துச் செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதனால் நாலு பெண்கள் கூடிக் கையொப்பம் வைப்பதென்றாலே பயம். சந்தா கடனல்ல, ஒருத்தி கட்டாததற்கு இன்னொருத்தி பொறுப்பல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்களோ ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

பிறகு கணக்குப் பார்த்தோம். நூலையும் பொத்தானையும் மொத்தமாக எடுத்தால் எவ்வளவு மிஞ்சும்? பாடசாலைச் சீருடைக்கு எல்லோரும் ஒரே கூலி கேட்டால், ஒருத்தியைக் காட்டி மற்றவளின் கூலியைக் குறைக்க முடியுமா? மரணாதாரச் சங்கத்துக்கு முகம் சுளிக்காமல் கட்டுகிறோமே என்றேன். சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சேருகிறேன் என்றார். அது நியாயம்தான்.

இந்தியாவின் அகமதாபாத்தில் இலா பட் 1972 இல் சுயதொழில் பெண்கள் சங்கத்தைப் பதியப் போனபோது, முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தயங்கினார்கள். சாமான் சுமப்பவர்களும் மரக்கறி விற்பவர்களும்தான் உறுப்பினர்கள். 1974 இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். அந்தப் பத்து ரூபாயும் அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல.

எல்லாச் சங்கங்களும் சந்தாவுக்குத் தகுதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். கட்ட முடியாத மாதத்தில் என்ன செய்வார்கள், விலகினால் என்ன நடக்கும் என்று சேருமுன் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பற்றுச்சீட்டுத் தராதவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.